சைன் முப்பது எவ்வளவு?

கால்குலேட்டர் ரிப்பேர் என்பது, கெட்டுப்போகாத பொருளைக் கெட்டுப்போய்விட்டது என்று கொண்டு வருகிறவர்களிடம், கெடவில்லை என்று சொல்லித் திட்டு வாங்குகிற தொழில். நீங்களும் ரேடியோ, மிக்ஸி, வாட்ச் என்று எதையாவது பிரித்துப் போட்டுப் பிழைத்தவரானால் நான் விளக்கவே வேண்டாம். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் கண்ணுக்கு நாம் ஒரு நிமிஷம் டாக்டராகத் தெரிவோம், அடுத்த நிமிஷம் திருடனாகத் தெரிவோம்.

திருவண்ணாமலையில் பஸ் ஸ்டாண்டுக்கும் கோயிலுக்கும் நடுவே, இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் வயிறு முட்டுகிற அகலத்தில் என் கடை இருந்தது. வாட்ச் ரிப்பேரில்தான் ஆரம்பித்தேன். எண்பத்தொன்பது, தொண்ணூறு வாக்கில் நம் பக்கத்துப் பிள்ளைகள் பாலிடெக்னிக், இன்ஜினியரிங் என்று கிளம்ப, உடம்பெல்லாம் பட்டன் வைத்த சயின்டிபிக் கால்குலேட்டர்கள் கடைக்கு வர ஆரம்பித்தன. நானோ பத்தாவதில் கணக்கில் இரண்டு தரம் போனவன். சாலிடரிங் தெரியும், பேட்டரி மாற்றத் தெரியும், அவ்வளவுதான்.

அந்த மிஷின்களில் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்த அழுத்த, திரையின் ஓரத்தில் எறும்பு அளவுக்கு ஓர் எழுத்து மாறும். ‘டி’ என்றால் டிகிரி. ‘ஆர்’ என்றால் ரேடியன். ‘ஜி’ என்றால் கிராட். நாம் கோணத்தை எந்த அளவில் சொல்கிறோம் என்பதை மிஷினுக்குத் தெரிவிக்கிற பட்டன் அது. ஒரு முழு வட்டம் டிகிரியில் முந்நூற்று அறுபது, கிராடில் நானூறு, ரேடியனில் ஆறே காலும் சொச்சமும். இன்றைக்கு இதை நான் ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். இதைத் தெரிந்துகொள்வதற்குள் என்னென்ன நடந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஐசி போயிடுச்சு

கடையில் கால்குலேட்டர் ரிப்பேர் என்று போர்டு எழுதி ஒரு மாதம் ஆகியிருக்கும். பாலிடெக்னிக் முதல் வருஷப் பையன் ஒருவன் வந்தான். “சைன் முப்பது போட்டா அரை வரணும். இதுல மைனஸ்ல என்னமோ வருதுண்ணே” என்றான். சைன் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டும் இரண்டும் கூட்டிப் பார்த்தேன், நாலு. ஒன்பதை ஒன்பதால் பெருக்கினேன், எண்பத்தொன்று. கூட்டல், பெருக்கல் எல்லாம் சரி, சைன் மட்டும் தப்பு என்றால் உள்ளே மூளை மாதிரி இருக்கிற ஐசியில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, “ஐசி போயிடுச்சு தம்பி, இனிமே இதைச் சரி பண்ண முடியாது” என்று சொல்லிப் புதுசு ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். பழையதை உதிரிப் பாகத்துக்கு ஆகும் என்று டப்பாவில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அவன் தன் சீனியர் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தான். பழையதை எடுங்கண்ணே என்றான் சீனியர். எடுத்துக் கொடுத்தேன். ஒரே ஒரு பட்டனை இரண்டு தரம் அழுத்தினான். சைன் முப்பது போட்டான். அரை வந்தது. மிஷின் ரேடியனில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். நான் காசைத் திருப்பிக் கொடுத்துப் புது கால்குலேட்டரை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி பழையதைத் துடைத்துக் கொடுத்தேன். அந்தச் சீனியர் படி இறங்கும்போது சொன்னதை இன்னும் மறக்கவில்லை: “ஐசி அதுக்குப் போகலண்ணே, உங்களுக்குத்தான் போயிருக்கு.”

ஜி என்றால்

அதற்கப்புறம் திரையில் ‘ஆர்’ இருந்தால் அது ஆபத்து என்பது வரைக்கும் எனக்குப் புரிந்துவிட்டது. ‘ஜி’ இருந்தால்? யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ‘ஜி’ என்றால் குட், மிஷின் நன்றாக இருக்கிறது என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். சிரிக்காதீர்கள். இதற்கு நான் பட்டது கொஞ்சமல்ல.

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோமதி என்று ஒரு பெண் டிப்ளமோ சிவில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா மணிலாக் கடலை போடுகிற விவசாயி. அந்த ஊரில் ஒரு பெண் பஸ் ஏறி வந்து படிப்பது அதுதான் முதல் தடவை. கடைக்கு வரும்போதே வேகமாகப் பேசுவாள். சர்வே பரீட்சைக்கு முதல் நாள், பட்டன் அழுந்தவில்லை என்று கால்குலேட்டரைக் கொண்டு வந்தாள். உள்ளே இருந்த ரப்பர் தேய்ந்திருந்தது. மாற்றினேன். மாற்றின பிறகு ஒவ்வொரு பட்டனையும் இரண்டு தரம் அழுத்திப் பார்ப்பது என் பழக்கம். எல்லாம் நன்றாக வேலை செய்தன. திரையில் ‘ஜி’ இருந்தது. நல்லது என்று நினைத்து அப்படியே கொடுத்துவிட்டேன். “நாளைக்கு இதை வச்சுத்தாண்ணே எல்லாமே” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். கோணப் பட்டனை ஒரு தரம் அழுத்தினால் ரேடியன், இரண்டு தரம் அழுத்தினால் கிராட். ரேடியனாக இருந்திருந்தால்கூட அவள் தப்பித்திருப்பாள், விடை மைனஸில் கண்டபடி வந்து காட்டிக் கொடுத்திருக்கும். கிராட் அப்படி இல்லை. ஐம்பத்தெட்டு மீட்டர் வரவேண்டிய கோபுரத்தின் உயரம் ஐம்பத்தொன்று என்று வரும். பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். அவளும் எல்லா ஸ்டெப்பையும் சரியாகப் போட்டு, ஒவ்வொரு விடையையும் தப்பாக எழுதி, அடியில் கோடு வேறு போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஆடி மாதம் கழிந்து ஒருநாள் வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு புதுசாக இருந்தது. கால்குலேட்டரை மேசையில் வைத்து, “இது சரியா இருக்கானு மட்டும் பார்த்துச் சொல்லுங்கண்ணே” என்றாள். ஒரு பேப்பர் போனாலும் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று அவள் அப்பா முதலிலேயே சொல்லி வைத்திருந்தாராம். போயிற்று. முறைப் பையன் தயாராக இருந்தான். சைன் முப்பது போட்டேன். அரைக்குக் கொஞ்சம் கம்மியாகக் காட்டியது. அப்போதுதான் ஓரத்தில் இருந்த ‘ஜி’யை நான் ஒழுங்காகப் பார்த்தேன். பக்கத்துப் புத்தகக் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டார். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இப்போதே உங்க ஊருக்கு வந்து உங்க அப்பா காலில் விழுகிறேன் என்றேன். அவள் கால்குலேட்டரை உறைக்குள் போட்டுக்கொண்டு சொன்னாள்: “வேணாண்ணே. பொண்ணு சரியா படிக்கல, அதனாலதான் நிறுத்தினேன்னு அவரு மனசைத் தேத்திக்கிட்டாரு. நீங்க வந்து இதைச் சொன்னா, அப்புறம் அவரு எதைச் சொல்லித் தேத்திக்குவாரு?”

நான் ஒட்டிய ஸ்டிக்கர்

கோமதி போன பிறகு எனக்கு ஒரு வெறி பிடித்தது. கடைக்கு எந்த சயின்டிபிக் கால்குலேட்டர் வந்தாலும், பேட்டரி மாற்ற வந்ததோ, கவர் மாற்ற வந்ததோ, முதலில் அதை டிகிரிக்கு மாற்றுவேன். பிறகு அந்தக் கோணப் பட்டன் மேல் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி, கை தவறிக்கூட அழுந்தாதபடி ஓரத்தில் பசையும் தடவி, மேலே பால்பாயிண்ட் பேனாவால் ‘டிகிரி மட்டும்’ என்று பொடி எழுத்தில் எழுதிவிடுவேன். யாரிடமும் கேட்டதில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் இருக்கிறவன் யாரிடம் கேட்பான்?

எலக்ட்ரிக்கல் படிக்கிற அருள் என்ற பையனின் கால்குலேட்டருக்கும் அப்படித்தான் செய்தேன். அவசரத்தில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனவன் பரீட்சை ஹாலில்தான் அதைப் பார்த்திருக்கிறான். கரண்ட் கணக்குக்கு ரேடியன்தான் வேண்டுமாம். சைனுக்குள் வருகிற எண் ரேடியனில் இருக்கும், டிகிரியில் போட்டால் விடை பூஜ்யத்தை ஒட்டிக்கொண்டு நிற்கும். எனக்கு அதெல்லாம் தெரியுமா? அவன் நகத்தால் என் பிளாஸ்டரைச் சுரண்டியிருக்கிறான். மேற்பார்வைக்கு நின்றவர் தூரத்திலிருந்து பார்த்தார். கால்குலேட்டரில் ஏதோ காகிதம் ஒட்டியிருக்கிறது, பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருக்கிறது, பையன் பதறிப்போய் அதைக் கிழிக்கிறான். பிட் என்று பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்.

விசாரணைக்கு நானே போனேன். ஒட்டினது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்தையும் பிளாஸ்டரில் இருந்த எழுத்தையும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு மாதம் கழித்து பையன் மேல் குற்றம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் பரீட்சை போனது போனதுதான். அந்த வருஷம் அவனுக்கு வரவேண்டிய அப்ரன்டிஸ் வேலை அவன் பக்கத்து பெஞ்ச்சுப் பையனுக்குப் போனது. விசாரணை முடிந்த அன்றைக்கு அவனைக் காம்பவுண்டு சுவரோரம் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் கத்தவில்லை, திட்டவில்லை. “ரேடியன் வேணாம்னு முடிவு பண்ண நீங்க யாருண்ணே?” என்று மட்டும் கேட்டான்.

மூன்றும் வேண்டும்

வேங்கிக்கால் பக்கம் ஓர் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். ஆறு கால்குலேட்டர் வேண்டும், மூன்று கோண அளவும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று பேப்பரில் எழுதியே கொண்டு வந்திருந்தார். இந்த மூன்று எழுத்தின் அருமை தெரிந்த மனிதர் ஒருவரைக் கடைசியில் பார்த்துவிட்டோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, உங்க ஆபீஸில் டிகிரி எதற்கு, ரேடியன் எதற்கு, கிராடை எப்போது எடுப்பீர்கள் என்று விவரமாகக் கேட்டேன். அவர் வெற்றிலை பாக்கை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “நாங்க கூட்டல் மட்டும்தாங்க போடுவோம். போன தடவை வந்த பேப்பர்ல அப்படி இருந்துச்சு, இந்தத் தடவையும் அப்படியே இருக்கணும்.”

அஞ்சு சென்ட்

தனியாக நிலம் அளந்து கொடுக்கிற சர்வேயர் ஒருவர் எனக்குப் பழக்கம். தப்பான ஆள் இல்லை. வெயிலில் சங்கிலி இழுத்தே கறுத்துப்போனவர். ஒருநாள் கால்குலேட்டரில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது, பேட்டரி மாற்று என்று கொடுத்தார். பிரிப்பதற்கு முன்னால் பார்த்தேன். ஓரத்தில் ‘ஜி’. “எத்தனை நாளா இப்படி இருக்குது?” என்று கேட்டேன். “எப்படி?” என்றார். காட்டினேன். நான்கு மாதத்துக்கு முன் அவர் வீட்டுக் குழந்தை அதை வைத்து விளையாடியதாம். அதற்கப்புறம் அவர் கோணம் வைத்துக் கணக்குப் போட்டது ஒரே ஒரு நிலத்துக்குத்தான்.

அந்த ஒரு நிலம் எது என்று ஊருக்கே தெரியும். அண்ணன் ஏழுமலை, தம்பி சேகர், இரண்டு பேரும் அப்பன் நிலத்தைப் பிரித்துக்கொண்டவர்கள். தம்பி பங்கு முக்கோணத் துண்டு. பத்திரத்தில் தொண்ணூறரை சென்ட் என்று இருந்தது. வரப்பு நகர்ந்திருக்கிறதோ என்று தம்பிக்குச் சந்தேகம் வந்து சர்வேயரைக் கூப்பிட்டான். ஒரு பக்கம் முந்நூறு அடி, இன்னொரு பக்கம் இருநூற்றெண்பது அடி, நடுவில் கோணம் எழுபது டிகிரி. எல்லாம் சரியாக அளந்துதான் குறித்திருக்கிறார். சைன் எழுபது போட்டுப் பெருக்கினால் எண்பத்தாறு சென்ட் வந்தது. கிட்டத்தட்ட அஞ்சு சென்ட் கம்மி. அண்ணன் எல்லைக் கல்லைப் பிடுங்கித் தள்ளி நட்டுவிட்டான் என்று தம்பி முடிவு பண்ணிவிட்டான். ஒரு வாரம் வாய்ச் சண்டை. எட்டாம் நாள் களத்து மேட்டில் கொடுவாளை வீசினான். ஏழுமலையின் வலது கையில் மூன்று விரல் போயிற்று. தம்பி ஜெயிலில் இருந்தான்.

சர்வேயர் என் கடையிலேயே உட்கார்ந்து பீல்டு புக்கைப் பிரித்து, டிகிரியில் மாற்றி, மறுபடி கணக்குப் போட்டார். தொண்ணூறு புள்ளி ஆறு. இரண்டாம் தரமும் போட்டார். அதேதான். “நான் தனியா போகமாட்டேன், நீயும் வா” என்றார். அவருடைய டிவிஎஸ் வண்டியில் இரண்டு பேரும் போனோம். ஏழுமலை வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் துணி சுற்றியிருந்தது, இடது கையால் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். சர்வேயர் அழுதுகொண்டே சொன்னார், நான் கால்குலேட்டரைக் காட்டினேன். அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. எங்களை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கல்லு நகரலடானு கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணேன். கூடப் பொறந்தவன் சொன்னதை நம்பல, உங்க டப்பா சொன்னதை நம்பினான். போங்க, போய் ஜெயில்ல அவங்கிட்ட சொல்லுங்க. எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க, எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே.”

அறுபதா, நூறா

கோயிலைச் சுற்றி எத்தனையோ ஜோசியர்கள் உண்டு. நான் சொல்கிறவர் போர்டு வைக்காதவர், வீட்டிலேயே ஜாதகம் கணிப்பவர். கண் மங்கின பிறகு பேனாவால் கூட்ட முடியாமல் கால்குலேட்டருக்கு மாறியவர். ஒருநாள் என்னிடம் வந்தபோது, புது மாடலில் கோணத்துக்கென்று தனிப் பட்டன் இருக்கிறது, டிகிரியையும் அதன் உட்பிரிவையும், உங்க பாஷையில் பாகை வேறு கலை வேறாகப் போடலாம் என்று அளந்துவிட்டேன். “சும்மா போட்டுக் காட்டு” என்றார். அவரே எண் சொன்னார். இருபத்தொன்பது பாகை நாற்பது கலை, அதோடு முப்பத்தைந்து கலையைக் கூட்டு என்றார். முப்பது பாகை பதினைந்து கலை என்று வந்தது. அவர் தன் பழைய கால்குலேட்டரை எடுத்து, இருபத்தொன்பது புள்ளி நாற்பதோடு புள்ளி முப்பத்தைந்தைக் கூட்டினார். இருபத்தொன்பது புள்ளி எழுபத்தைந்து.

அவரே புரிந்துகொண்டார். அறுபது கலை சேர்ந்தால் ஒரு பாகை. கால்குலேட்டரோ புள்ளிக்குப் பின்னால் நூறு வந்தால்தான் ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். புள்ளிக்கு முன்னால் நிற்கிற எண்ணை மட்டும் பார்த்து, இத்தனை வருஷம் அறுபதை நூறாகக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு ராசிக்கு முப்பது பாகை. முப்பதைத் தாண்டினால் அடுத்த ராசி. தாண்டாவிட்டால் பழைய ராசியிலேயே லக்னம் நின்றுவிடும். “நான் இப்ப சொன்ன எண் யாரோடது தெரியுமா?” என்று கேட்டார்.

டைப்பிஸ்டாக வேலை பார்க்கிற கலாவோடது. சின்ன வயதில் கூரை வீடு எரிந்ததில் அவள் ஜாதகம் போய்விட்டது. கல்யாண வயது வந்ததும் அவள் அப்பா பிறந்த நேரத்தைச் சொல்லி இவரிடம் புதுசாகக் கணிக்கச் சொன்னார். ரிஷபமாக வரவேண்டிய லக்னம் மேஷமாக நின்றது. அதனால் துலாத்தில் இருந்த செவ்வாய் ஏழாம் இடம் ஆயிற்று. செவ்வாய் தோஷம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வந்த வரன்கள் எல்லாம் ஜாதகத்தைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். தோஷக்கார மாப்பிள்ளையாகத் தேடித் தேடி அப்பாவும் போய்ச் சேர்ந்தார். கலாவுக்கு முப்பத்திரண்டு வயது ஆகியிருந்தது.

அவர் மறைத்திருக்கலாம். கேட்பாரில்லை. ஆனால் மறுநாள் காலையில் என்னையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு அவள் வேலை பார்க்கிற இடத்துக்கே போனார். அவள் டைப் மிஷினிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள். அவர் திருத்திய ஜாதகத்தை நீட்டினார். தோஷம் கிடையாதும்மா, ஒரு நாளும் இருந்ததில்லை, தப்பு என்னோடது என்றார். அவள் அதை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள். எழுத்துப் பிழை தேடுகிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “என்னைப் பார்த்துட்டுப் போனவங்களுக்கெல்லாம் இப்ப பசங்க ஸ்கூல் போகுது ஐயா. அவங்க வீட்டுக்கெல்லாம் இதுல ஒரு காப்பி அனுப்பிடுறீங்களா?”

டிகிரிக்கு மாற்றினேன்

கடையை மூடுவதற்கு ஒரு வருஷம் முன்னால், ரமணாசிரமம் பகுதியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவரை ஆட்டோ டிரைவர் பாபு கூட்டிக்கொண்டு வந்தான். பிரான்ஸ் நாட்டுக்காரர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஜோல்னாப் பையிலிருந்து செங்கல் மாதிரி கனமான பழைய கால்குலேட்டர் ஒன்றை எடுத்து வைத்தார். பேட்டரி கசிந்து உள்ளே எல்லாம் பச்சை பூத்திருந்தது. பிழைக்காது என்று தோன்றியது. இருந்தாலும் இரண்டு நாள் உட்கார்ந்து சுரண்டி, கழுவி, கம்பி இழுத்து ஒட்டினேன். மூன்றாம் நாள் திரையில் எண் ஒளிர்ந்தது. எனக்கே ஆச்சரியம்.

அந்தக் காலத்து மிஷின் என்பதால் கோணத்துக்குப் பட்டன் இல்லை, தள்ளுகிற சுவிட்ச்தான் இருந்தது. அது ‘ஜி’யில் நின்றது. சுவிட்சைச் சுற்றி அழுக்கு கெட்டியாக உறைந்திருந்தது, பல வருஷமாக யாருமே அதை நகர்த்தவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. ஐயோ, இந்த மனுஷனும் தெரியாமல் இத்தனை வருஷம் தப்பாகவே போட்டிருக்கிறாரே என்று பரிதாபப்பட்டேன். அழுக்கைப் பெட்ரோலில் துடைத்தேன், சுவிட்சைத் தேய்த்து ‘டி’க்குத் தள்ளினேன். பெரியவர் வந்ததும் பெருமையாக சைன் முப்பது போட்டு அரையைக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. சுவிட்சைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. கட்டைவிரலால் அதை மெதுவாகத் திரும்பவும் ‘ஜி’க்குத் தள்ளிவிட்டு, பாபுவிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். பாபு எனக்குச் சொன்னான். இது அவர் சம்சாரத்தினுடையது. அந்த அம்மா சர்வேயராக இருந்தவர். அவங்க நாட்டில் நிலம் அளக்கிறவர்கள் செங்கோணத்தைத் தொண்ணூறு என்று சொல்லமாட்டார்களாம், நூறு என்பார்களாம். கிராட் அவர்களுக்காகத்தான் இருக்கிறது. அந்த அம்மா போன மழைக்காலத்தில் இறந்துபோனார். அந்த அழுக்கு அந்த அம்மாவின் விரல் பட்ட அழுக்கு.

கையெடுத்துக் கும்பிட்டேன். பெரியவர் பதிலுக்குக் கும்பிட்டார். பிறகு, ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால், கோபமே இல்லாமல் இன்னொரு வார்த்தை சொன்னார். பாபு தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னான்: “அந்தம்மா ஆயுசுல ஒரு நாள்கூட டிகிரில வேலை பார்த்தது இல்லையாம்ணே. செத்தப்புறம் எதுக்குப்பா மாத்தினேனு கேக்குறாரு.”

அத்தனை வருஷம் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டதெல்லாம், மிஷின் சொல்கிற விடை எப்போதுமே சரி, நாம் அதை எந்தக் கணக்கில் கேட்டோம் என்பது மட்டும் எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் தெரியவரும் என்பதுதான்.